வீட்டுக்கு அடியில் மெட்ரோ சுரங்கம் வரும்போது: சென்னை வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னை மெட்ரோ ரயிலின் முதல் கட்டச் சுரங்கப் பாதை, மண்ணடியையும் உயர் நீதிமன்றப் பகுதியையும் விட்டுவிட்டால், பெரும்பாலும் அகன்ற சாலைகளுக்கு அடியிலேயே சென்றது. 2017 மே 14 அன்று திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் இடையே நகரின் முதல் நிலத்தடி மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2019 பிப்ரவரி 10 அன்று தேனாம்பேட்டை டி.எம்.எஸ். நிலையத்துக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் இடையிலான துண்டு திறக்கப்பட்டதோடு, முதலில் திட்டமிடப்பட்ட 45 கி.மீ. நிறைவடைந்தது. அண்ணா சாலையிலும் ஈ.வெ.ரா. பெரியார் சாலையிலும் கடை வைத்திருந்தவர்கள் பட்ட பாடு பெரியது என்றாலும், தம் படுக்கையறைக்கு நேர் கீழே இயந்திரம் மண்ணைக் குடைகிறதே என்ற கவலை அன்று ஒப்பீட்டளவில் சிலருக்கே இருந்தது.

இரண்டாம் கட்டத்தில் நிலைமை வேறு. ஏறத்தாழ 119 கி.மீ. நீளத்தில் மூன்று வழித்தடங்களாக (3, 4, 5 என்ற எண்களில்) திட்டமிடப்பட்டு, 63,246 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவையின் ஒப்புதலைப் பெற்ற இந்தக் கட்டத்தில், 40 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவு நிலத்தடியில் செல்கிறது. பெரம்பூர், அயனாவரம், புரசைவாக்கம், இராயப்பேட்டை, மயிலாப்பூர், மந்தைவெளி, தியாகராய நகர், கோடம்பாக்கம் என்று, பழைய வீடுகளும் குறுகிய தெருக்களும் நெருங்கிக் கிடக்கும் பகுதிகளில் பாதை வளையும் இடங்களில் சுரங்கம் வீடுகளுக்கு அடியிலேயே போக வேண்டியிருக்கிறது. பல இடங்களில் இயந்திரம் கடந்துபோய்விட்டது; மற்ற இடங்களில் பணி வெவ்வேறு நிலைகளில் இருக்கிறது.

இந்தக் கட்டுரை, அத்தகைய பாதையின் மேலோ அருகிலோ வீடு வைத்திருப்பவர்களுக்கானது. சுரங்கத்தால் ஏற்பட்டது என்று உறுதியாகும் சேதத்தைச் சரிசெய்து தருவது பொதுவாக ஒப்பந்ததாரரின் பொறுப்பு. ஆனால் அந்த ‘உறுதியாகும்’ என்ற சொல்லில்தான் எல்லாச் சண்டையும் தொடங்குகிறது. சுவரில் இருக்கும் விரிசல் புதிதா பழையதா என்பதை, இயந்திரம் வந்துபோன பிறகு எந்தப் பொறியாளராலும் ஐயமறச் சொல்ல முடியாது. ஆகவே வீட்டு உரிமையாளர் செய்யக்கூடியவற்றில் பெரும்பகுதியை, இயந்திரம் வருவதற்கு முன்பே செய்து முடித்துவிட வேண்டும்.

உங்கள் வீடு பாதையிலிருந்து எவ்வளவு தொலைவு

தெருவில் பேசிக்கொள்வதை நம்பாமல், வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கவலைப்படலாம். மூன்றாம் வழித்தடம் மாதவரம் பால்பண்ணையில் நிலத்துக்குள் இறங்கி, பெரம்பூர், கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி, நுங்கம்பாக்கம், ஆயிரம் விளக்கு, திருமயிலை, அடையாறு, திருவான்மியூர் வழியாகத் தரமணி வரை நிலத்தடியிலேயே சென்று, பழைய மகாபலிபுரம் சாலையில் மேலே ஏறுகிறது. நான்காம் வழித்தடம் கலங்கரை விளக்கத்திலிருந்து கோடம்பாக்கம் வரை நிலத்தடியிலும், அங்கிருந்து பூந்தமல்லி வரை தூண்களின் மேலும் அமைகிறது. ஐந்தாம் வழித்தடத்தில் கொளத்தூர், வில்லிவாக்கம் பகுதியில் மட்டும் சுரங்கம் உண்டு. எஞ்சியது பெரும்பாலும் மேம்பாலப் பாதை.

இவ்வளவு மட்டும் தெரிந்தால் போதாது. உங்களுக்குத் தேவையானவை மூன்று விவரங்கள்: போக ஒன்றும் வர ஒன்றுமாக அமையும் இரட்டைச் சுரங்கங்களில் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ளதன் மையக்கோடு எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது, அந்த இடத்தில் சுரங்கத்தின் மையம் தரைக்குக் கீழே எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அந்த ஆழத்தில் இருப்பது மணலா, களிமண்ணா, பாறையா. இத்திட்டத்துக்குக் கடன் கொடுத்துள்ள ஆசிய வளர்ச்சி வங்கியும் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளைப் பொதுவில் வெளியிடுவதைக் கட்டாயமாக வைத்திருக்கின்றன. அவற்றில் வழித்தட வரைபடமும் மண் விவரமும் பொதுவான அளவிலாவது கிடைக்கும். உங்கள் வீட்டுக்கு நேரான குறுக்குவெட்டு விவரம் வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10 ரூபாய். பதில் தர வேண்டிய கால வரம்பு 30 நாட்கள். மனுவில் ‘என் வீடு பாதிக்கப்படுமா’ என்று கேட்டால் அது கருத்து கேட்பதாகிவிடும், பதில் வராது. ‘இன்ன புல எண்ணுள்ள மனைக்கு எதிரே சுரங்க மையத்தின் ஆழம், மையக்கோட்டிலிருந்து மனையின் தொலைவு, அருகிலுள்ள மண் ஆய்வுத் துளையின் பதிவேடு ஆகியவற்றின் நகல்’ என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மண் எப்படித் தாழ்கிறது

சுரங்கம் தோண்டும் இயந்திரம் ஏறக்குறைய ஆறரை மீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகு உருளை. முன்னே சுழலும் வெட்டுமுகம் மண்ணை அரிக்கிறது. பின்னே, கான்கிரீட் வளையத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, உள்விட்டம் 5.8 மீட்டர் அளவில் ஒரு குழாயை இயந்திரமே கட்டிக்கொண்டு போகிறது. இயந்திரத்தின் வெளிவிட்டம் வளையத்தின் வெளிவிட்டத்தைவிடச் சற்றே பெரிது என்பதால், வால்பகுதி நகர்ந்ததும் வளையத்தைச் சுற்றி ஒரு சிறு வெற்றிடம் உண்டாகும். அதில் உடனுக்குடன் சிமெண்டுக் கலவையை அழுத்தி நிரப்புவார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும், வெட்ட வேண்டியதைவிடச் சிறிதளவு கூடுதலான மண் உள்ளே வந்துவிடும். தோண்டும் பரப்பில் அது எத்தனை சதவீதம் என்பதையே பொறியாளர்கள் கன அளவு இழப்பு என்று கணக்கிடுகிறார்கள். பணி ஒழுங்காக நடந்தால் அது அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை இருக்கும்.

கணக்கு எளிது. ஆறரை மீட்டர் விட்டமுள்ள துளையில், ஒரு மீட்டர் நீளத்துக்கு 33 கன மீட்டர் மண் வெளியேறுகிறது. அதில் ஒரு சதவீதம் என்றால் 0.33 கன மீட்டர். சுரங்க மையம் 20 மீட்டர் ஆழத்தில், களிமண்ணில் இருந்தால், இந்த இழப்பு தரையில் மையக்கோட்டுக்கு இருபுறமும் 25 முதல் 30 மீட்டர் வரை பரவி, நடுவில் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் தாழ்வாகத் தெரியும். மணலில் பரவல் குறுகும்: இருபுறமும் 15 முதல் 20 மீட்டருக்குள் அடங்கும், ஆனால் நடுவில் தாழ்வு 20 மில்லிமீட்டரை நெருங்கும். இழப்பு அரை சதவீதமாக இருந்தால் இந்தத் தாழ்வுகள் பாதியாகும். ஆகவே மணற்பாங்கான இடத்தில் 40 மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்காரர், சுரங்கம் தோண்டுவதை மட்டும் பொறுத்தவரை, நிம்மதியாக இருக்கலாம்.

வீடு முழுவதும் ஒரே அளவில் 10 மில்லிமீட்டர் தாழ்ந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு மூலை தாழ்ந்து மறு மூலை தாழாமல் நின்றால்தான் சுவர் பிளக்கும். தாழ்வு 10 மில்லிமீட்டருக்குள்ளும் தரையின் சரிவு 500-க்கு 1 என்ற அளவுக்குள்ளும் இருந்தால் சேதம் பொருட்படுத்தத் தக்கதல்ல என்பது சுரங்கப் பொறியாளர்கள் பல காலமாகக் கடைப்பிடிக்கும் முதல் வடிகட்டி. இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது: சுரங்கத்துக்கு நேர் மேலே சமச்சீராக நிற்கும் சிறிய வீட்டைவிட, தாழ்வின் விளிம்பில் பாதி உள்ளும் பாதி வெளியுமாக நிற்கும் நீண்ட வீட்டுக்கே கவனம் அதிகம் தேவை. விளிம்புப் பகுதியில் சுவரின் மேல்பக்கம் இழுபடும். செங்கல் சுவர் இழுவிசையைத் தாங்காது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இன்னும் எஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள், மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய கூரையும் ஆழமில்லாத அடித்தளமும் கொண்டவை. அடுக்குமாடிகளின் கான்கிரீட் சட்டகத்தைவிட இவற்றின் மேல்தான் மெட்ரோ நிறுவனத்தின் கண்காணிப்பு அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும்.

சென்னையின் நிலத்துக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. கடற்கரையை ஒட்டியும் வடசென்னையிலும் மணலும் களியும் வண்டலும் அடுக்கடுக்காகக் கிடக்க, தெற்கில் சார்னோகைட் என்ற கடினப் பாறை மேலெழுந்து வருகிறது. வெட்டுமுகத்தின் கீழ்ப்பாதி பாறையிலும் மேல்பாதி தளர்ந்த மண்ணிலும் மாட்டிக்கொள்ளும் இடங்களே இயந்திரத்தை இயக்குபவருக்கு மிகக் கடினமானவை. பாறையை அரைக்க மெதுவாகப் போக வேண்டும்; மெதுவாகப் போகையில் மேலே இருக்கும் மணல் தேவைக்கு மேல் உள்ளே சரியும். 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில், சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்த இடத்துக்கு மேலே சாலை திடீரென்று உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. உயிரிழப்பு ஏதுமில்லை. மேலே சொன்ன மில்லிமீட்டர் கணக்கு, பணி ஒழுங்காக நடக்கும் நாட்களுக்கானது என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது. உங்கள் பகுதியில் மண்ணும் பாறையும் கலந்த முகம் வருகிறது என்று ஆய்வுத் துளைப் பதிவேடு காட்டினால், பின்வரும் ஏற்பாடுகளில் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள்.

இயந்திரம் வருவதற்கு முன்

பணி தொடங்குமுன், பாதையின் தாக்க எல்லைக்குள் இருக்கும் கட்டடங்களை ஒப்பந்ததாரரின் ஆட்கள் வந்து பார்த்துப் படமெடுத்து, கட்டட நிலை ஆய்வறிக்கை ஒன்றைத் தயாரிப்பார்கள். அழைப்பு வரும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால், ‘உள்ளே அனுமதி கிடைக்கவில்லை’ என்ற ஒற்றை வரியோடு உங்கள் வீட்டின் பதிவு முடிந்துபோகும். நேரம் பொருந்தாவிட்டால் எழுத்து மூலம் மறுதேதி கேளுங்கள். வாடகைக்கு விட்டிருந்தால், குடியிருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, முடிந்தவரை நீங்களும் உடனிருங்கள். ஆய்வாளர்கள் பெரும்பாலும் கூடத்தையும் முன்சுவரையும் படமெடுத்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள். குளியலறை, மாடிப்படியின் அடிப்பகுதி, மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர், தரைத்தொட்டி, மதில் சுவர் ஆகியவற்றையும் நீங்கள் அழைத்துச் சென்று காட்டவேண்டும். இறுதியில் இருதரப்பும் கையொப்பமிட்ட அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது தர மறுக்கப்பட்டால், கேட்டதற்கும் மறுத்ததற்கும் ஒரு கடிதச் சான்று இருக்கட்டும்.

அவர்கள் எடுக்கும் பதிவு போதும் என்று இருந்துவிடக் கூடாது; உங்களுடையது என்று தனியாக ஒன்று வேண்டும். இதற்குச் செலவு அதிகமில்லை. ஒவ்வோர் அறையிலும் வாசலில் நின்று வலச்சுற்றாக நான்கு சுவர்களையும், பிறகு கூரையையும், பிறகு தரையையும் ஒரே வரிசையில் படமெடுங்கள். பின்னால் ஒப்பிடும்போது இந்த வரிசை மிகவும் உதவும். விரிசல் இருக்கும் இடத்தில், பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோலைப் பிடித்து, நேரெதிரே நின்று ஒரு படமும், இடம் புரியும்படி சற்றுத் தள்ளி நின்று இன்னொரு படமும் எடுங்கள். விரிசலின் இரு நுனிகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடிட்டு, அருகில் தேதியை எழுதுங்கள். நுனி நகர்ந்தால் அது பிறகு தானாகத் தெரியும். பெரிய விரிசலாக இருந்தால், அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை இருபுறமும் பசையிட்டு ஒட்டிவைப்பது பொறியாளர்களின் பழைய உத்தி. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அசையாவிட்டால் உடையாது. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

கதவு, சன்னல்களை மறந்துவிடாதீர்கள். எந்தக் கதவு இப்போதே உரசுகிறது, எது தடையின்றி மூடுகிறது என்று ஒரு தாளில் எழுதிவைப்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் சுவரில் விரிசல் தோன்றுமுன்பே சட்டம் கோணி, கதவு இறுகத் தொடங்கும்.

படங்கள் எடுக்கப்பட்ட தேதியை நிறுவ, அவற்றை மெட்ரோ நிறுவனத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவைப்பதே எளிய வழி. அனுப்பிய நாளை மின்னஞ்சலே சொல்லும். பழைய வீடானால், உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வரவழைத்து, அடித்தளத்தின் வகையையும் ஆழத்தையும் குறிப்பிடும் இரண்டு பக்க அறிக்கை பெறுவதற்கு ஆகும் செலவு வீண்போகாது. அடுக்குமாடியில், வீட்டுக்கு வீடு தனித்தனியே மனு எழுதுவதைவிட, சங்கத்தின் பெயரில் ஒரே கோப்பும் ஒரே தொடர்பாளரும் இருப்பது நல்லது; பைல் அடித்தளமாக (நிலத்துக்குள் ஆழமாக இறக்கிய தூண்களின் மேல் கட்டியதாக) இருந்தால் அந்தத் தூண்களின் நீளத்தைக் காட்டும் பழைய வரைபடத்தைத் தேடியெடுத்துக் கொடுப்பது சங்கத்தின் முதல் வேலை.

ஆழ்துளைக் கிணறும் பழைய கிணறும்

சென்னையில் சுரங்கப் பணிக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே மிகுந்த தொல்லை தருவது, விரிசலைக் காட்டிலும் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுதான் என்பது என் கணிப்பு. ஒவ்வொரு வறட்சிக்கும் ஒன்றாகத் தோண்டி, நீர் வற்றியதும் மேலே ஒரு சிமெண்டுப் பலகையைப் போட்டு மூடி, அதன் மேல் தளமும் போட்டுவிட்ட துளைகள் இந்நகரில் எத்தனையோ. இயந்திரத்தின் வெட்டுமுகம் மண்ணின் அழுத்தத்தையும் நிலத்தடி நீரின் அழுத்தத்தையும் எதிர்த்து, உள்ளிருந்து ஓர் அழுத்தத்தைக் கொடுத்துக்கொண்டே நகர்கிறது. மண்ணை இளக்குவதற்காகச் சோப்பு நுரை போன்ற கலவையோ களிக்குழம்போ முன்னே செலுத்தப்படுகிறது. வழியில் ஒரு துளை குறுக்கிட்டால், அந்த நுரைக்கும் குழம்புக்கும் தரைக்கு ஏற மிகச் சுலபமான வழி அதுவே. சமையலறைத் தரையைப் பிளந்துகொண்டு சேறு பொங்குவதும், வெட்டுமுகத்தில் அழுத்தம் குறைந்து மேலேயுள்ள மண் சரிவதும் இதனால் நேரும். இரும்புக் குழாய் பதித்த துளையானால், வெட்டுப் பற்களும் சேதமாகி இயந்திரம் அங்கேயே நின்றுவிடலாம். இயந்திரம் நிற்கும் இடத்தின் மேல் வீடு இருப்பதை யாரும் விரும்பமாட்டார்கள்.

ஆகவே மனையிலுள்ள ஒவ்வொரு துளையையும், இப்போது பயன்படுவதானாலும் மூடிப்போனதானாலும், மதிலிலிருந்து எத்தனை அடி தள்ளி, எவ்வளவு ஆழம், குழாய் இரும்பா பிளாஸ்டிக்கா என்று குறித்து ஒப்பந்ததாரரிடம் எழுத்து மூலம் கொடுங்கள். அனுமதி இல்லாமல் தோண்டியதாயிற்றே என்ற தயக்கத்தில் மறைப்பவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்தால் ஆகும் நட்டம் தோண்டிய செலவைவிடப் பன்மடங்கு. சுரங்கத்தின் வழியில் இருக்கும் துளைகளைக் கலவை கொண்டு அடிவரை நிரப்பி மூட வேண்டியிருக்கும். பயன்பாட்டில் உள்ள கிணறு பறிபோனால் மாற்று நீர் ஏற்பாடு என்ன, இழப்பீடு எவ்வளவு என்பதை மூடுவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முந்தைய தலைமுறை மண் கொட்டித் தூர்த்த திறந்த கிணறும், பழைய கழிவுநீர்த் தொட்டியும் இந்தக் கணக்கில் சேரும்; வீட்டில் மூத்தவர்களைக் கேட்டால்தான் அவை இருந்த இடம் தெரியவரும்.

இயந்திரம் கடக்கும் வாரங்கள்

நல்ல மண்ணில் இயந்திரம் நாளொன்றுக்கு எட்டு, பத்து மீட்டர் நகரும்; பாறை கலந்த இடத்தில் இரண்டு, மூன்று மீட்டரே நகரும். ஆகவே ஒரு சாதாரண மனையின் அடியைக் கடக்க இரண்டு நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகலாம். தாழ்வு அதற்குச் சில நாட்கள் முன்பே தொடங்கி, இயந்திரத்தின் வால் கடந்ததும் விரைந்து, களிமண்ணில் பல வாரங்கள் மெதுவாகத் தொடரும்.

இந்த நாட்களில் உங்கள் சுவரில் சில கருவிகள் பொருத்தப்பட்டிருக்கும். தாழ்வை அளக்கும் குறியாணி, சாய்வுமானி, விரிசல்மானி, தொலைவிலிருந்து அளப்பதற்கான கண்ணாடிப் பட்டகம் என்பன அவற்றில் சில. சுண்ணாம்படிக்கும்போது இவற்றின் மேல் பூசிவிடாமலும், பிள்ளைகள் பிடுங்கிவிடாமலும் பார்த்துக்கொள்வது உங்கள் நலனுக்கே. அளவீடுகள் பொதுவாக எச்சரிக்கை நிலை, செயல் நிலை, அபாய நிலை என்று மூன்று வரம்புகளோடு ஒப்பிடப்படும். உங்கள் கட்டடத்துக்கு வைத்துள்ள வரம்பு எண்கள் எவை, முந்தின நாள் அளவு என்ன என்று தளப் பொறியாளரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். அதிர்வு தொந்தரவாக இருந்தால், அதை அளந்து தரக் கேளுங்கள். குடியிருப்புக் கட்டடங்களுக்கு, குறைந்த அதிர்வெண்ணில், நொடிக்கு 5 மில்லிமீட்டர் வரையிலும், பழமை வாய்ந்த நொய்ந்த கட்டடங்களுக்கு 3 மில்லிமீட்டர் வரையிலும் இருக்கலாம் என்று ஜெர்மானியத் தரநிர்ணயம் சொல்கிறது. பல நாடுகளில் இந்த எண்களே அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மனித உடல் இதைவிடக் குறைந்த அதிர்வையே உணர்ந்துவிடும் என்பதால், பாத்திரம் குலுங்குவதை வைத்து வீடு ஆடிப்போயிற்று என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

சில வீடுகளில் இருப்பவர்களைத் தற்காலிகமாக வேறிடத்தில் தங்கச் சொல்வார்கள். போவதானால், தங்குமிடச் செலவு யாருடையது, எத்தனை நாள், திரும்பி வரும்போது கூட்டாய்வு உண்டா ஆகியவற்றை எழுத்தில் பெற்ற பிறகு போங்கள்.

யாரும் சொல்லாமலே உடனே வெளியேற வேண்டிய அறிகுறிகளும் உண்டு. தூணிலோ உத்தரத்திலோ கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவது, ஒரே நாளில் பல கதவுகள் இறுகிக்கொள்வது, வாசலிலோ சாலையிலோ தரை மெத்தென்று அமிழ்வது, துளையிலிருந்தோ கழிவறையிலிருந்தோ நுரையும் சேறும் பொங்குவது, எரிவாயு நாற்றம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், முதலில் ஆட்களை வெளியேற்றி, மின் இணைப்பைத் துண்டித்து, 112 அல்லது 101 எண்ணுக்கு அழைத்துவிட்டு, அதன்பிறகு தளப் பொறியாளரை அழையுங்கள். எரிவாயு நாற்றம் அடிக்கும் வீட்டுக்குள் மட்டும் எந்த மின் விசையையும் தொடக் கூடாது.

விரிசல் விழுந்தால்

மயிரிழை போன்ற, 1 மில்லிமீட்டருக்குள் அடங்கும் விரிசல், சுண்ணாம்படிக்கும்போது மறையும் இனம். 5 மில்லிமீட்டர் வரை உள்ளதைக் காரை பூசிச் சரிசெய்யலாம். கதவுகள் சற்று இறுகும். 5 முதல் 15 மில்லிமீட்டர் என்றால் செங்கல்லைப் பெயர்த்து மாற்ற வேண்டிவரும், நீர்க்குழாய்களும் உடைந்திருக்கக்கூடும். அதற்கு மேல் போனால், சுவரின் உறுதியையே ஐயுற வேண்டும். உலகெங்கும் சுரங்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் இந்த வகைப்பாட்டைத் தெரிந்துவைத்திருந்தால், ‘சின்ன விரிசல்தான் சார்’ என்று சொல்பவரிடம் எத்தனை மில்லிமீட்டர் என்று திருப்பிக் கேட்கலாம்.

பழுதுபார்ப்புக்கு அவசரப்படாதீர்கள். சுரங்கங்கள் இரண்டு, முதல் இயந்திரம் கடந்து சில வாரங்களோ மாதங்களோ கழித்து இரண்டாவது வரும். நடுவில் பூசிய பூச்சு மீண்டும் விரியும், அப்போது அது உங்கள் கொத்தனாரின் குறை என்று சொல்லப்படும். இரண்டாவது இயந்திரமும் கடந்து, தாழ்வு அளவீடுகள் அசையாமல் நின்றுவிட்டதை எண்களோடு உறுதிசெய்த பிறகே நிரந்தரப் பழுதுபார்ப்புக்கு ஒப்புக்கொள்ளுங்கள். ‘எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன’ என்ற வாசகத்தோடு வரும் தாளில், வேலை முடியும் முன் கையெழுத்திடக் கூடாது.

புகார் தளப் பொறியாளரிடம் தொடங்கி, மெட்ரோ நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் போகும். அங்கும் தீராவிட்டால் முதல்வரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைக்கலாம். கடன் கொடுத்த வங்கிகளும் திட்டத்தால் பாதிக்கப்படுவோருக்கென்று தனிக் குறைதீர்ப்பு முறைகளை வைத்திருக்கின்றன. உள்ளூரில் முயன்று பார்த்ததற்கான சான்றை அவை கேட்கும் என்பதால், முந்தைய கடிதங்கள் அனைத்தும் தேதிவாரியாகக் கோப்பில் இருக்க வேண்டும்.

நிலையத்துக்கு அருகில் இருப்பவர்கள்

நிலையத்தை ஒட்டி வசிப்பவருக்குச் சுரங்கத்தைவிட நிலையமே பெரிய சோதனை. இயந்திரம் சில நாட்களில் போய்விடும். நிலையத்தின் பள்ளமோ ஆண்டுக்கணக்கில் திறந்திருக்கும். மூன்று, நான்காம் வழித்தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடக்கும் திருமயிலை நிலையம் ஏறத்தாழ 35 மீட்டர் ஆழம் போகிறது. இத்தகைய பள்ளத்தைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி உள்ளே நீரை இறைக்கும்போது, அக்கம்பக்கத்தில் நிலத்தடி நீர்மட்டம் இறங்கினால், களிமண் சுருங்கித் தரை தாழும். இது சுரங்கத் தாழ்வைவிட அகலமாகவும் மெதுவாகவும் நிகழும். ஆகவே நிலையத்துக்கு அருகில் இருப்பவர்கள் தம் கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து எழுதிவைப்பது, சுவர்ப் படங்களுக்கு இணையான சான்றாகும். தூசி, இரவு நேர ஒலி, சாலைத் திருப்பம் பற்றிய புகார்களை அன்றன்றே அனுப்புங்கள்.

ரயில் ஓடத் தொடங்கிய பிறகு

சுரங்கத்தில் ரயில் ஓடும்போது மெல்லிய உறுமல் கேட்கலாம். தண்டவாளத்துக்கு அடியில் வைக்கப்படும் அதிர்வுத் தடுப்புப் பொருட்கள் பெரும்பாலும் அதை அடக்கிவிடும். இரவின் அமைதியில் தொல்லை தருமளவு கேட்டால், அளவீடு கேட்டு எழுதுங்கள்.

மண்ணின் மேல்பரப்பு உங்களுடையதாகவே இருந்தாலும், அதில் செய்யக்கூடியவை இனிமேல் சற்றுக் குறையும். மெட்ரோ பாதைக்கு அருகில் புதிதாகக் கட்டவோ, இடித்துக் கட்டவோ, அடித்தள வாகன நிறுத்தம் தோண்டவோ, பைல் இறக்கவோ மெட்ரோ நிறுவனத்தின் தடையின்மைச் சான்று தேவைப்படும். மாடி ஏற்றும் எண்ணம் இருந்தால், கட்டுநரிடம் ஒப்பந்தம் போடுமுன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள். புதிய ஆழ்துளைக் கிணறு தோண்ட வருபவரிடம் சுரங்கத்தின் இடத்தையும் ஆழத்தையும் காட்டாமல் ஒருபோதும் இயந்திரத்தை இறக்க விடாதீர்கள். ரயில் ஓடும் குழாயைத் துளையிட்டுவிட்டால் அது உங்கள் வீட்டு விவகாரமாக மட்டும் முடியாது. வீட்டை விற்கும் நாளில், பட்டா, பத்திரங்களோடு மேலே சொன்ன மூன்று விவரங்களையும், கட்டட நிலை ஆய்வறிக்கையையும், மூடப்பட்ட துளைகளின் வரைபடத்தையும் சேர்த்தே வாங்குபவரிடம் ஒப்படையுங்கள்.